அம்மாவின் இடுப்புக்குள் இருப்பது எந்த மூட்டு?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன், தம்பி. அம்மாவுக்கு 67 வயது. 2009இல் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் வலது இடுப்பு மூட்டை மாற்றியிருக்கிறீர்கள். இவ்வளவு காலமும் நன்றாக நடந்தவருக்கு எட்டு மாதமாகக் கவட்டுப் பக்கம் நோ. கதிரையில் இருந்து எழும்பும்போது உள்ளே ஒரு 'டக்'. பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நடந்து போவதையும் விட்டுவிட்டார். இங்கே எடுத்த எக்ஸ்ரேயில் பிழை ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்குள் கனடாவில் இருக்கும் மாமா "அந்தக் காலத்து மூட்டுகளைக் கம்பனியே திரும்ப எடுத்தது, கோடிக்கணக்கில் நட்டஈடு கொடுத்தது" என்று சொல்லிவிட்டார். ஆபத்தா, கழற்ற வேண்டுமா, வழக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: அம்மாவின் இடுப்புக்குள் இருப்பது எந்தக் கம்பனியின் எந்த மூட்டு? அது தெரியாதவரைக்கும் மற்ற மூன்றுக்கும் யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான்.

நான் 27 வருடம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி எலும்புப் பிரிவில், முதலில் கொழும்பில், கடைசி வருடங்கள் திருகோணமலையில். மூட்டுப் பெட்டியைப் பிரித்து வைத்தியரின் கையில் கொடுப்பதும், அதன் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதும் என் வேலை. நான் வைத்தியரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. சட்டப் பக்கம் எனக்குத் தெரிந்தது, இரண்டு குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கப் போய்ப் படித்தது. அந்த அளவில் வைத்து இதை வாசியுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். செயற்கை இடுப்பு மூட்டு என்றால் தொடை எலும்புக்குள் இறங்கும் ஒரு தண்டு, அதன் தலையில் ஒரு பந்து, இடுப்பெலும்பில் பதியும் ஒரு கிண்ணம். பந்தும் கிண்ணமும் உரசும் இடம்தான் முக்கியம். பெரும்பாலானவர்களுக்கு உலோகப் பந்தோ செராமிக் பந்தோ வைத்து, கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக் உறை போடுவார்கள். இந்த வகை நல்ல வகை. 2019இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 வருடம் தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிட்டது. ஆகவே "மூட்டு மாற்றினால் விஷம் ஏறும்" என்று வட்ஸ்அப்பில் வருவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.

பிரச்சினை வந்தது, பந்தும் உலோகம் கிண்ணமும் உலோகம் என்று செய்த ஒரு வகையில். இரண்டும் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம். பிளாஸ்டிக் தேய்கிறது, இளம் வயதுக்காரருக்கு அது போதாது, பெரிய பந்து போட்டால் மூட்டுக் கழன்று விழாது என்ற நல்ல நோக்கத்தில்தான் 2000களில் இது பரவியது. அதில் மிகவும் கெட்ட பெயர் எடுத்தது ஜோன்சன் அன்ட் ஜோன்சனின் டிபியூ கம்பனி செய்த ஏஎஸ்ஆர். அமெரிக்காவில் ஏற்கெனவே சந்தையில் இருந்த மூட்டுகளை ஒத்தது என்ற அடிப்படையில் அதன் முழு மூட்டு வகைக்கு 2005இல் அனுமதி கொடுத்தார்கள், மனிதர்களில் தனியாகப் பரிசோதனை நடத்திக் காட்டத் தேவைப்படவில்லை. அதன் கிண்ணம் மற்றவற்றைவிட ஆழம் குறைந்தது. கிண்ணம் கொஞ்சம் செங்குத்தாக உட்கார்ந்துவிட்டால் பந்து அதன் விளிம்பிலேயே அழுந்தி உரசும். சிறிய அளவு மூட்டுப் போட்டவர்களில், அதிலும் பெண்களில், பாதிப்பு கூட. 2007இலேயே ஆஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு இது வழக்கத்தைவிட அதிகமாகத் தோற்கிறது என்று காட்டிவிட்டது. உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது 2010 ஆகஸ்டில். அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது வைத்தாகிவிட்டது. இங்கிலாந்துப் பதிவேட்டின் கணக்கில் ஐந்து வருடத்துக்குள்ளேயே 12 முதல் 13 சதவீதமானோருக்கு மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. நல்ல மூட்டு என்றால் பத்து வருடத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இன்று இங்கிலாந்தில் வைத்திருக்கும் அளவுகோல்.

இந்தியாவில் இந்த மூட்டு 2006 முதல் 2010 வரை இறக்குமதியானது. சுமார் 4,700 பேருக்கு வைத்ததாக அங்குள்ள அரசு நிபுணர் குழு சொன்னது. அவர்களில் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் அம்மாவின் 2009 இந்தக் காலத்துக்குள் விழுகிறது. அதனால்தான் உங்கள் கேள்வியைச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை. ஆனால் அதே 2009இல் அதே நகரத்தில் இதைவிட எத்தனையோ மடங்கு பேருக்கு நல்ல மூட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வருடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். கொழும்பில், வெளிநாட்டில் மூட்டு மாற்றி வந்த ஒருவருக்கு அதைக் கழற்றும் சத்திரசிகிச்சை. மூட்டைச் சுற்றியிருக்கும் உறையை வைத்தியர் கீறியதும் வெளியே வந்தது சீழும் இல்லை, இரத்தமும் இல்லை. மீன்பிடி வள்ளத்தின் இஞ்சினில் இருந்து வடித்த பழைய ஓயில் போல, சாம்பலும் கறுப்புமாக ஒரு திரவம். துடைத்த துணி பென்சில் கரி தேய்த்த மாதிரி ஆனது. சுற்றியிருந்த சதை சிவப்பாக இல்லை, ஈயம் பூசினது போல இருந்தது, பிடித்த இடத்தில் பிய்ந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் வருடக்கணக்காக உதிர்ந்து, உடம்பு அதை எதிர்த்து, சதையையும் எலும்பையும் அரித்த கோலம் அது. சிலருக்கு மூட்டுக்குப் பக்கத்தில் கட்டி போலத் திரளும். அது புற்றுநோய் இல்லை. அந்த நோயாளிக்கும் முதலில் எடுத்த எக்ஸ்ரே "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொன்னது. எக்ஸ்ரே எலும்பையும் உலோகத்தையும் காட்டும், கெட்டுப்போன சதையைக் காட்டாது. ஆகவே உங்களுக்கு எக்ஸ்ரே பார்த்துச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, அந்தப் படத்தில் தெரிவது அவ்வளவுதான்.

அப்புறம், இரத்தத்தில் கலக்கும் கோபால்ட். அளவு மிக உயர்ந்தால் இதயத் தசை, காது, கண், தைரொய்ட், நரம்பு ஆகியவை பாதிக்கப்படலாம். இது நடந்திருக்கிறது, ஆனால் அரிது. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு வைத்தவர்கள் எல்லோருக்கும் நடப்பது இல்லை.

இனி நிச்சயமில்லாத பக்கம். அம்மாவின் நோவுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல உங்கள் கேள்வியில் போதிய தகவல் இல்லை. கவட்டு நோவும் 'டக்' சத்தமும் வேறு காரணங்களாலும் வரும்: மூட்டு எலும்பில் இருந்து தளர்ந்திருக்கலாம், பிளாஸ்டிக் உறை தேய்ந்திருக்கலாம், மெதுவாக வளரும் கிருமித்தொற்று இருக்கலாம், தசைநார் கிண்ணத்தின் விளிம்பில் உரசலாம், நாரியில் இருந்து இறங்கும் நோவாகவும் இருக்கலாம். வருடக்கணக்கில் உழைத்த மூட்டு தேய்வது வேறு, செய்யும்போதே பிழையாகச் செய்த மூட்டு வேறு. நட்டஈடு என்று வரும்போது இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் தொங்கும்.

எந்த மூட்டு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு மூட்டுப் பாகமும் வரும் பெட்டிக்குள் உரித்து ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்கள் பல இருக்கும், பெருவிரல் அகலம்தான். ஒன்றை சத்திரசிகிச்சைக் கூடப் பதிவேட்டில் ஒட்டுவோம், ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டுவோம், பல ஆஸ்பத்திரிகளில் ஒன்றை நோயாளிக்கும் கொடுப்பார்கள். அதில் கம்பனிப் பெயர், பாகத்தின் பெயர், 'ரெஃப்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண், 'லொட்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இன்னோர் எண், பந்தின் விட்டம் மில்லிமீற்றரில் இருக்கும். பந்து, கிண்ணம், தண்டு எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்டிக்கர். ஒன்று கிடைத்தால் போதும் என்று நிற்காதீர்கள், தண்டு ஒரு கம்பனி, கிண்ணம் வேறு கம்பனி என்று வைப்பதும் உண்டு.

சென்னையில் இருந்து கொண்டு வந்த காகிதங்கள் எங்கே இருக்கின்றன? நம் வீடுகளில் அநேகமாக அலுமாரிக்கு மேலே, எக்ஸ்ரே படங்களோடு ஒரு சொப்பிங் பையில் சுற்றி வைத்திருப்போம். அதை இறக்கி ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தின் பின்பக்கம், பில்லோடு பின் பண்ணிய தாள், பரிசோதனைக் கொப்பியின் கடைசி அட்டை, எதையும் விடாதீர்கள். பில்லில் 'இம்ப்ளான்ட்' என்று போட்ட வரியில் கம்பனிப் பெயர் இருக்கும் வாய்ப்பு உண்டு. கிடைக்காவிட்டால் அந்த ஆஸ்பத்திரியின் மருத்துவ ஆவணப் பிரிவுக்கு, அம்மாவின் பெயர், நோயாளி எண், சத்திரசிகிச்சைத் திகதி, கடவுச்சீட்டுப் பிரதி ஆகியவற்றோடு எழுத்தில் கேளுங்கள். சத்திரசிகிச்சைக் குறிப்பும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் பக்கமும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்தியாவில் 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதிகளின்படி, கேட்டால் 72 மணித்தியாலத்துக்குள் ஆவணம் கொடுக்க வேண்டும். ஆனால் அவர்கள் வைத்திருக்க வேண்டிய கட்டாயக் காலம் மூன்று வருடம்தான். 2009 கோப்பு இன்னும் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால்தான் அந்தச் சொப்பிங் பை முக்கியம்.

பழைய எக்ஸ்ரே கையில் இருந்தால் வெளிச்சத்துக்குப் பிடித்து வடிவாகப் பாருங்கள். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே பிளாஸ்டிக் உறை இருந்தால், வெள்ளைப் பந்துக்கும் வெள்ளைக் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி தெரியும். உலோகத்தோடு உலோகம் என்றால் பெரிய பந்து கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு ஒரே வெள்ளையாக நிற்கும். இது நீங்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு அறிகுறி, முடிவு இல்லை. வைத்தியரிடம் போகும்போது "இது மெட்டல் ஒன் மெட்டலா?" என்று நேராகக் கேட்க அது உதவும். எலும்பு முறிவுகளைப் பார்க்கும் பொதுக் கிளினிக்கைவிட, மூட்டு மாற்று, அதுவும் மாற்றியதை மறுபடி மாற்றும் சத்திரசிகிச்சை செய்கிற நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணிப் பாருங்கள். இதற்காகக் கொழும்புக்கோ கண்டிக்கோ ஒரு நாள் போய் வருவது வீண் இல்லை.

அது உலோகத்தோடு உலோகம் என்று தெரிந்தால் இரண்டு சோதனை. ஒன்று, முழு இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு. இதற்கு உலோகக் கலப்பில்லாத விசேட குழாய் வேண்டும், அதனால் இரத்தம் எடுக்க முதலே லாப்பில் கேளுங்கள். லீற்றருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் மேலதிகமாக ஆராய வேண்டும் என்பது இங்கிலாந்தின் மருந்து மற்றும் உபகரண ஒழுங்குபடுத்தல் நிறுவனம் வைத்த கோடு. 7ஐத் தாண்டியதும் விஷம், 6 என்றால் பயமில்லை என்று அதை எடுக்க வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு கூடித் தெரியும், ஏனென்றால் இந்த உலோகம் சிறுநீரில்தான் வெளியேறும். இரண்டாவது, உலோகம் படத்தில் உண்டாக்கும் குழப்பத்தைக் குறைத்து எடுக்கும் எம்ஆர்ஐ, அல்லது தேர்ந்தவர் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான். "உள்ளே இரும்பு இருக்கிறது, எம்ஆர்ஐ எடுக்கக்கூடாது" என்று அம்மா பயப்பட்டால், எலும்பில் இறுகிய மூட்டோடு எடுப்பது வழக்கமானது என்று சொல்லுங்கள், எடுப்பவரிடம் முன்கூட்டியே தெரிவித்தால் சரி. இவற்றோடு கிருமித்தொற்றுக்கான சாதாரண இரத்தச் சோதனைகளையும் செய்யச் சொல்லுங்கள். எந்த மூட்டாக இருந்தாலும் அது தேவை. இடையில் காய்ச்சல் வந்தாலோ, பழைய தையல் தழும்பில் ஈரம் கசிந்தாலோ, திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போனாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கழற்ற வேண்டுமா? கம்பனி திரும்பப் பெற்றது என்றால் வைத்த எல்லோருக்கும் கழற்ற வேண்டும் என்று அர்த்தம் இல்லை. விற்காததை எடுத்துவிட்டு, வைத்தவர்களைத் தொடர்ந்து பரிசோதிக்கச் சொன்னார்கள். நோ இல்லாதவர்களையும்தான், ஏனென்றால் சிலருக்குச் சதை கெட்ட பிறகே நோ வரும். மாற்றியதை மறுபடி மாற்றுவது முதல் சத்திரசிகிச்சையைவிடப் பெரியது, இரத்த இழப்பும் தொற்று அபாயமும் மூட்டுக் கழரும் அபாயமும் கூட. நோ, இரத்த அளவு, எம்ஆர்ஐ மூன்றையும் சேர்த்துப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது. அதேநேரம், சதை கெட்டுக்கொண்டிருக்கிறது என்று படம் காட்டினால் தள்ளிப்போடாதீர்கள். தசை போன பிறகு எவ்வளவு நல்ல மூட்டு வைத்தாலும் நடை திரும்பி வராது.

நட்டஈட்டுக்கு வருவோம். மாமா சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவில் 2013 நவம்பரில் ஏஎஸ்ஆருக்காகச் சுமார் 250 கோடி டொலர் ஒப்பந்தம் வந்தது. ஆனால் அது அமெரிக்க நோயாளிகளுக்கு, அதுவும் 2013 ஆகஸ்ட் 31க்குள் அந்த மூட்டைக் கழற்ற நேர்ந்த சுமார் 8,000 பேருக்கு. ஆகவே "உங்கள் அம்மா பெயரையும் அதில் சேர்த்துத் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். சத்திரசிகிச்சை நடந்தது சென்னையில், மூட்டு விற்றது இந்தியாவில், ஆகவே உங்கள் வழியும் இந்தியாவில்தான். அங்கே 2017இல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு குறைந்தது 20 இலட்சம் இந்திய ரூபாய் கொடுக்கச் சொன்னது. பிறகு வயதையும் அங்கவீனத்தையும் வைத்து 30 இலட்சத்தில் இருந்து 1.23 கோடி வரை ஒரு கணக்கு 2018இல் வந்தது. கம்பனி அதை டில்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது, 2019இல் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 இலட்சம் கொடுக்க இணங்கியது. அந்தச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பது, வைத்தது ஏஎஸ்ஆர்தானா என்பதை. இலங்கைப் பிரஜை ஒருவர் அந்த வழியில் சேர முடியுமா என்பதை இந்தியாவில் இத்தகைய வழக்குப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவர்தான் சொல்ல வேண்டும். அங்கே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் காலம் இரண்டு வருடம், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்க இடமுண்டு. ஆகவே பிரச்சினை இந்த மூட்டுத்தான் என்று முதன்முதலில் எந்தத் திகதியில் உங்களுக்குத் தெரிய வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருங்கள்.

வழக்கு என்றால் வெற்றி என்றும் எண்ண வேண்டாம். அதே டிபியூ கம்பனியின் இன்னொரு மூட்டு பினக்கிள். அதன் உலோகத்தோடு உலோகம் வகைக்கு 2016இல் டெக்சாஸ் ஜூரிகள் நூற்றுக்கணக்கான மில்லியன் டொலர் தீர்த்தார்கள். இங்கிலாந்தில் 312 பேர் அதே வகைக்காகப் போட்ட வழக்கில், அது குறைபாடான பொருள் என்று நிரூபிக்கப்படவில்லை என்று 2018இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே மூட்டு, இரண்டு நாடு, இரண்டு முடிவு.

இலங்கையிலேயே மூட்டு மாற்றியவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சுருக்கமாக: இங்கே நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறை பொதுவாக இரண்டு வருடம், நுகர்வோர் அதிகார சபையில் முறையிட மூன்று மாதம்தான். விற்றவரின் அல்லது செய்தவரின் கவனயீனத்தை நீங்கள் காட்ட வேண்டும். பழுதான மூட்டைப் பற்றி 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கு அறிவிக்கலாம். வைத்தியரோடு சேர்ந்து அறிவியுங்கள். சுவீடன் 1979 முதல் ஒவ்வொரு இடுப்பு மூட்டையும் பதிந்து வருகிறது. அப்படி ஒரு தேசியப் பதிவேட்டில் எழுதும் வாய்ப்பு என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. எந்த மூட்டு தோற்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு குடும்பமும் அறிவிக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று, இதை மறந்து பலர் நட்டப்பட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு மறுபடி சத்திரசிகிச்சை என்று முடிவானால், கழற்றும் மூட்டு உங்களுக்கு வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒரு மகள் ஒரு மாதம் கழித்து வந்து கேட்டாள். அது மற்றக் கழிவுகளோடு ஏற்கெனவே எரிப்பதற்குப் போய்விட்டது. அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. பொருள் போனால் சான்று போனது. தொற்று நீக்கி, பாகம் பாகமாகப் பொதியிட்டு, பெயரும் திகதியும் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பனிப் பிரதிநிதி வந்து "நாங்கள் பரிசோதிக்கக் கொண்டு போகிறோம்" என்றால் சட்டத்தரணியைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இன்றைக்கு அந்தப் பையை இறக்குங்கள். ஸ்டிக்கர் கிடைத்தால் அம்மாவின் பெயரையும் நோயாளி எண்ணையும் மறைத்துவிட்டு, ரெஃப், லொட் எண்களையும் பந்தின் அளவையும் இங்கே எழுதுங்கள். எது கிண்ணம், எது பந்து, எது திரும்பப் பெற்ற வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.